பதினோரு நிமிடம்

சோகாரில் ஜூலை.
பகல் பன்னிரண்டரைக்கு வேலையை நிறுத்தச் சொல்லிச் சட்டம்.
மூன்றரை வரைக்கும் வெயிலுக்கு மட்டும்தான் டியூட்டி.
அந்த மூன்று மணி நேரம்
கேம்ப்பில் ஒருவரும் தூங்குவதில்லை.
அறுபத்திரண்டு பேர், ஒரே ஒரு வைஃபை.
கட்டிலுக்குக் கட்டில் திரைச்சீலை,
ஒவ்வொரு சீலைக்குள்ளும் ஒரு வீடு.

இருளப்பனுக்கு ஒன்று பத்துக்கு அப்பாயிண்ட்மென்ட்.
மஸ்கட்டில் டாக்டரம்மா, இங்கே என் கைபேசி,
நடுவில் இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்,
இரண்டு நாள் சம்பளம்,
ஃபோர்மேன் கையெழுத்து.
நேரில் வர வேண்டாம், வீடியோவே போதும் என்றபோது
கும்பிட்டான்.
பேச்சு அதற்கு முன்பே போய்விட்டிருந்தது.

செயலி முதலில் கேட்டது:
உங்கள் பெயரை உரக்கச் சொல்லவும்.
அரபியில் கேட்டது, ஆங்கிலத்தில் கேட்டது.
இருளப்பன் வாயைத் திறந்தான்.
ஈரச் சாக்கைத் தரையில் இழுத்த மாதிரி ஒரு சத்தம்.
மன்னிக்கவும், கேட்கவில்லை.
மூன்றாம் தடவை நான்தான் சொன்னேன்
அவன் பெயரை, என் தொண்டையால்.
பச்சை விழுந்தது.
அந்தப் பதிவேட்டில் இனி
தொண்டை அவனுடையது, குரல் என்னுடையது.

டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசு. ஹிந்தியில் பேசினார்.
என்னிடம் இருப்பது சைட் ஹிந்தி:
ராடு, ஷட்டரிங், ஜல்தி, ஊப்பர், நீச்சே.
வலி எங்கே என்றார். ஊப்பர் என்றேன்.
"பயாப்ஸியில்..." என்று தொடங்கியவர்
உதடு பாதி திறந்தபடி நின்றுபோனார்.
சதுரம் சதுரமாக உடைந்தார்.
வட்டம் சுற்றியது.
இருளப்பன் அந்த வட்டத்தையே பார்த்தான்,
ரிசல்ட் அதற்குள் இருப்பதுபோல.

யார் முதலில் என்று தெரியாது.
மேல் கட்டில் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு
"அப்புறம் பேசறேன்டி" என்று வைத்தான் தவசி.
அடுத்து சில்ஹெட்காரன். கதவோரம் இரண்டு நேபாளிகள்.
வராந்தா வழியே போயிற்று சேதி, பேச்சில்லாமல்,
கழுத்தைத் தொட்டுக் காட்டியே,
அடுத்த அறை, அதற்கடுத்த அறை.
பிறந்து பதினாறு நாளான பிள்ளையை
அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டிருந்தான் ஒருவன்.
அவனும் வைத்தான்.
நாலு பேர் சுற்றி நின்றார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.
தானாக வைத்தான் என்று நான் சொல்ல மாட்டேன்.

டாக்டரம்மா தெளிந்தார்.
சட்டைப்பையில் பேனா வரைக்கும் தெரிந்தது.
டார்ச் அடிக்கச் சொன்னார். அடித்தேன்.
கம்பி கட்டிய பள்ளத்தை எட்டிப் பார்ப்பவர்போல
குனிந்து பார்த்தார், அங்கிருந்தே.
பிறகு சொன்னார்.
அந்த ஒரு சொல்லுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.
மற்றதை நான் சொன்னேன்:
பைப்பில் கசிவு,
முழுசாகத் துருவேறவில்லை,
பிடித்துவிடலாம்.
பதினெட்டு வருஷம் பைப் ஃபிட்டர் அவன்.
எத்தனை இன்ச் என்று விரலால் கேட்டான்.

முப்பத்தைந்து நாள் ரேடியேஷன்.
அதை வீடியோவில் கொடுக்க முடியாது என்றார், சிரிக்காமல்.
இன்சூரன்ஸ் அட்டையைக் காட்டச் சொன்னார்.
மூலையில் சின்னதாக ஓர் எழுத்து.
இஞ்சினியர் அட்டையில் வேறு எழுத்து இருக்கும்.
அதை அவர் பார்த்தார்.
அவர் பார்ப்பதை நாங்கள் பார்த்தோம்.
இந்த இடத்தில் நெட் நன்றாகவே இருந்தது.

ஒன்று இருபத்தொன்று.
உங்கள் அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் என்றது திரை.

அப்புறம் கேம்ப் முழுக்கப் போன்கள் ஒன்றாகக் கத்தின.
ஏன் கட்டாச்சு, ஏன் கட்டாச்சு,
தமிழில், வங்காளத்தில், நேபாளியில்.
எல்லோரும் ஒரே பொய்: நெட்டு சரியில்ல.

இருளப்பன் போனும் அடித்தது. கமுதியிலிருந்து.
எடுத்து என்னிடம் நீட்டினான்.
"உன் குரல் அவளுக்குத் தெரியாதா?" என்றேன்.
அதற்குள் அவன்
பச்சையை அழுத்திவிட்டிருந்தான்.